கம்பிவடத்தின் கீழ்முனை

ஆகஸ்ட் 6

பேரன்புக்குரிய தங்களுக்கு,

தங்கள் மீது இறைவனின் சாந்தி நிலவுவதாக. இங்கு மாமியும் மகளும் நானும் நலம். கடையின் தையல் இயந்திரங்களில் நடுவிலிருப்பது மட்டும் சற்றே இருமுகிறது, எண்ணெய் விட்டிருக்கிறேன். அயல்நாட்டுக் கட்டடங்களின் அந்த உயரத்துக் காற்றில் தங்கள் தொண்டை எவ்வாறு உள்ளது என அறிய ஆவல்.

வெள்ளிதோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் புருவம் உயர்த்தக்கூடும். அக்கைப்பேசி இவ்வீட்டின் பொதுச்சொத்து. நான் வாய் திறக்குமுன் மாமி, "சாப்பிட்டியாடா, ஏன் கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு?" என்று வாங்கிக்கொள்கிறார். அவரிடமிருந்து மகள் பிடுங்குகிறாள். அளவு கொடுக்க வந்த பெண்கள்கூட, "அண்ணன் இளைச்சுட்டாரே" என்று என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார்கள். கடிதத்தை எவரும் எட்டிப் பார்க்க இயலாது.

செய்தி இதுதான். பள்ளி ஆசிரியை ஒருவர் என் வாடிக்கையாளர். கணவரோடு ஒரு மலையூருக்குச் சென்று திரும்பியிருக்கிறார். எங்கு நோக்கினும் பச்சை, வீட்டுச் சுவரிலும் பாசி, காலையில் மேகம் சன்னலுக்குள் வந்து போகிறதாம். அங்கு நம்மவர் குடும்பமொன்று விடுதி நடத்துகிறது. ஹலால் சமையல், தொழுமுன் கைகால் கழுவி ஒளு செய்ய அறைக்குள்ளேயே வசதி, தொழும் திசைக்கு அம்புக்குறி, வளாகத்துக்குள் மதுவுக்கு இடமில்லை. அவை மட்டுமா? அருவியோரம் பாறையேற்றம் உண்டு. மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மலைச்சரிவிலிருந்து மறுசரிவுக்குக் கம்பிவடத்தில் தொங்கியபடி பறக்கலாம், ஜிப்லைன் என்கிறார்கள். காலை வேளையில் பெண்களுக்குப் பெண்களே இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டி அனுப்புகிறார்களாம். பிற ஆண் கை படாது.

அந்த ஆசிரியை சொன்னார்: "அக்கா, நான் போட்ட கத்தல்ல எங்க வீட்டுக்காரர் கீழ நின்னு அழுதே போட்டாரு."

நான் ஒரு முடிவுக்கு வந்துள்ளேன். இம்முறை விடுப்பில் வருகையில், வீட்டுக்கு வருமுன் அம்மலையூரில் ஐந்து நாள் தங்குவோம். தாங்களும் நானும் மட்டும். தாங்கள் எப்போதும் எனக்குச் சில அடி முன்னால் நடப்பவர். தங்கள் முதுகு எனக்கு நன்றாகப் பரிச்சயம். ஒரு முறையேனும் பக்கத்தில் நடந்து பார்க்க விழைகிறேன்.

மறுமொழி எதிர்நோக்கும்,
தங்கள் துணைவி, தையற்கடை உரிமையாளர்


ஆகஸ்ட் 29

மாண்புமிகு தையற்கலைஞர் அவர்களுக்கு,

வ அலைக்கும் சலாம். நான் நல்லபடியாக இருக்கிறேன், தொண்டையும் இருக்கிறது. உன் கடிதத்தை என் அறைத்தோழன் ரேடியோவிடம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினேன் (முக்கியமான இடமெல்லாம் தாண்டிவிட்டேன், பயப்படாதே). வாயைத் திறந்தால் மூடாதவன் அவன், பாதியிலேயே மறித்து, "அண்ணே, அண்ணி எந்தக் கல்லூரில புரொபசர்?" என்றான். எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள், மிச்சத்தை அவளே படித்துக்கொண்டாள் என்றேன். நம்பவில்லை.

வருஷம் முழுக்கச் சாரத்தில் இடுப்புக் கயிறு கட்டித் தொங்குகிறவனை, லீவிலும் கயிறு கட்டித் தொங்கவிடப் பார்க்கிறாயே, நியாயமா? ஆனாலும் சரி. பாறையாவது பாலமாவது, எல்லாம் ஏறலாம். உன்னைத் தூக்கிக்கொண்டே ஏறுவேன். ஏப்ரலில் விடுப்பு கேட்கிறேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்பது உன் பொறுப்பு. உன் தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதி புரியாது, தலையாட்டிவிடுவாள்.

ஒன்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள். ஹலால் என்று பலகை எல்லாரும் மாட்டுகிறார்கள். உள்ளே நடப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்.

துஆவுடன்,
சாரக்காரன்


செப்டம்பர் 17

பேரன்புக்குரிய தங்களுக்கு,

அமைதியும் அருளும் தங்களைச் சூழ்க. நாங்கள் நலம், மாமிக்கு மட்டும் பல்வலி, அது தீருமட்டும் எங்களுக்குத் தலைவலி.

தங்கள் கட்டளைப்படி அவ்விடுதிக்குப் பேசினேன். உரையாடலை உள்ளது உள்ளபடி தருகிறேன்.

"கறி எங்கேருந்து வருது?"

"எங்க வீட்டுக்காரரே அறுக்கிறாரும்மா. பிஸ்மி சொல்லாம கத்திய கையால தொடமாட்டாரு."

"சட்டி, கரண்டி?"

"எல்லாம் ஒரே சமையல்தான், வேற சமையல் கிடையாது."

"எண்ணெய்?"

"ஏம்மா, நீங்க சாப்பிட வர்றீங்களா, சோதனை போட வர்றீங்களா?"

அவரை எனக்குப் பிடித்துவிட்டது. மாடியில் அருவி தெரியும் அறையைச் சொல்லி வைத்துள்ளேன். முதல் நாள் ஓய்வு, மறுநாள் தொங்குபாலம், அதன்பின் பாறையேற்றம், கடைசியாகக் கம்பிவடம்.

உடைகளையும் தொடங்கிவிட்டேன். காற்றில் மேலெழாதபடி கணுக்காலில் இறுக்கிய கால்சட்டை, முழங்கால்வரை இறங்கும் மேலாடை, தலைக்கவசத்துக்குள் மடிப்பு விழாமல் அமரும் முக்காடு. தலைக்கவசம் கைவசமில்லாமையால் அலுமினியப் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்துக் கண்ணாடி முன் நின்றேன். மாமி வந்துவிட்டார். "என்னடி, போருக்குக் கிளம்பிட்டியா?" என்றார். வேறு வழியின்றி உண்மையை உரைத்தேன். நெடுநேரம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவன் அப்பா என்னை பஸ் ஸ்டாண்ட் தாண்டிக் கூட்டிட்டுப் போனதில்ல. போய்ட்டு வா. கீழ விழுந்துடாதே" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார்.

இக்கடிதத்தோடு தங்களுக்குப் பழுப்புநிறக் கால்சட்டை ஒன்று அனுப்புகிறேன். தொழுகையிலும் வேலையிலும் தங்களுக்கு முழங்கால்தான் முதலில் தேயும் என்பதால் அங்கு இரட்டைத் துணி வைத்துள்ளேன். மலைப்பயணத்துக்கும் ஒன்று தைக்க வேண்டும். இப்போதைய இடுப்பளவைத் தெரிவியுங்கள்.

தங்கள் துணைவி


டிசம்பர் 2

அன்புக்குரிய தங்களுக்கு,

நலமே நிலைக்க. நாங்கள் நலம்.

என் கடிதம் கிடைத்ததென்று தொலைபேசியில் தலையசைத்தீர்கள். அதன் பின் மறுமொழி இல்லை. வெள்ளிக்கிழமைப் பேச்சும் சுருங்கிவிட்டது. முன்பெல்லாம் அறைக்குள் உலாவியபடி, சமைத்தபடி, துணி காயப்போட்டபடி பேசுவீர்கள். தங்கள் பின்னால் சுவரும் சன்னலும் மாறி மாறி ஓடும். இப்போது ஒரே தலையணை, ஒரே சுவர், அதன் நடுவே தங்கள் முகம்.

பயணத்தில் விருப்பம் குன்றிவிட்டதா? எனின் வெளிப்படையாக எழுதுங்கள். நான் கண்ணாடிப் பாத்திரம் அல்லேன்.

தங்கள் துணைவி


டிசம்பர் 27

அன்புள்ளவளுக்கு,

சலாம். நலம். கோபம் வேண்டாம். வேலை மாற்றிவிட்டார்கள். இப்போது சாரத்தில் ஏறுவதில்லை, கிடங்கில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிறேன். நிழலான வேலை.

அந்த விடுதியில் கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா? படிகள் அதிகமா? தொழுகை இடத்தில் நாற்காலி போட்டிருப்பார்களா? ரேடியோ தன் அப்பாவைக் கூட்டிப்போகலாமா என்று கேட்கிறான், அதற்காகத்தான்.

பாறையேற்றம் கட்டாயமா? அருவியைக் கீழிருந்து பார்த்தாலும் அருவிதானே.

இடுப்பளவு பழையதே.

சாரக்காரன்


ஜனவரி 15

மதிப்புக்குரிய தங்களுக்கு,

சாந்தி உண்டாகுக. அனைவரும் நலம்.

ரேடியோவின் தந்தைக்காக விசாரித்தேன். கீழ்த்தளத்தில் ஓர் அறை உண்டு. அங்கிருந்து அருவி தெரியாது, மாதுளைச் செடியும் தண்ணீர்த் தொட்டியும் தெரியும். தொழுகைக் கூடத்தில் நாற்காலி ஒன்று உள்ளது. அம்முதியவர் தாராளமாக வரலாம். நமக்கு அவற்றின் தேவை என்னவென்று எனக்கு விளங்கவில்லை. தாங்களும் நானும் இன்னும் நாற்காலியில் அமர்ந்து தொழும் பருவத்தை எட்டவில்லை.

பாறை கட்டாயமன்று. அருவியும் கட்டாயமன்று. எதைக் கட்டாயமென்று கருதுகிறேன் என ஒருமுறை தெளிவாக எழுதிவிடுகிறேன். பின்னர் எழுத மாட்டேன்.

தாங்கள் விடுப்பில் வரும் மாதம் முழுவதும் வீட்டில் விருந்தாளிகள். காலையில் தங்களைப் பார்க்க வந்தோர், மாலையில் பார்த்துவிட்டுப் போகாதோர். நான் அடுப்படியில் நின்று தங்கள் குரலைக் கேட்கிறேன். அடுத்த அறையில் தாங்கள் சிரிப்பது எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்துக்கொள்கிறேன். பெட்டி கட்டும் நாளில்தான் "உன்கிட்ட உட்கார்ந்து பேசவே இல்லையே" என்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் அதே நாளில், அதே பெட்டியின்மேல் அமர்ந்து. எனக்கு வேண்டியது மலையன்று. எவரும் "அவன் எங்கே?" என்று கேட்காத ஒரு பகற்பொழுது. தங்களோடு ஒரு சாலையின் இம்முனையிலிருந்து அம்முனைவரை நடக்க வேண்டும். தங்கள் நடை எப்படியிருக்கும் என்பதே எனக்கு மறந்து வருகிறது.

ரேடியோ விடுப்பில் வருவதாகக் கேள்வி. அவரிடம் தாங்கள் அணிந்த கால்சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். தங்கள் வாய்ச்சொல்லினும் துணியின் அளவு நம்பத்தக்கது.

தங்கள் துணைவி


பிப்ரவரி 8

அன்புள்ளவளுக்கு,

சலாம். நீ எழுதியதைப் பலமுறை படித்தேன்.

விடுப்பு கிடைக்கும். ஆனால் நேராக வீட்டுக்கே வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். மலைக்கு நீ ஆசிரியையோடோ மகளோடோ போய் வா. நான் வந்தால் உனக்கு இடைஞ்சல்தான். நிஜமாகச் சொல்கிறேன்.

ரேடியோ கிளம்பிக்கொண்டிருக்கிறான். கையில் கிடைத்த கால்சட்டையைத் திணித்துக்கொண்டு போகிறான். உடம்பைப் பார்த்துக்கொள்.

சாரக்காரன்


பிப்ரவரி 21

என் அன்புக்குரிய தங்களுக்கு,

தங்கள் மீதும், தங்கள் உடலின் ஒவ்வோர் உறுப்பின் மீதும் இறைவனின் அருள் பொழிவதாக.

ரேடியோ வந்திருந்தார். மாமி விடாமல் கேள்வி மேல் கேள்வி கேட்டும் அன்று அந்த வானொலி பாடவில்லை. "நல்லா இருக்காரும்மா, நல்லா இருக்காரு" என்று தேநீர்க் குவளைக்குள் பார்த்துச் சொன்னார். பொட்டலத்தை என் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை சென்றேன். "அண்ணி, என்னை எதுவும் கேக்காதீங்க" என்றார். நான் கேட்கவில்லை.

மதியம் கடையில் எவரும் இல்லாத வேளை, அக்கால்சட்டையை வெட்டுமேசையில் விரித்தேன். செப்டம்பரில் நான் அனுப்பிய அதே பழுப்பு. நான் வைத்த இரட்டைத் துணி இரண்டு முழங்காலிலும் புத்தம் புதிதாக இருந்தது. அமரும் பகுதி மட்டும் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. இடக்காலின் வெளித்தையல், கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல்வரை பிரிக்கப்பட்டு, கறுப்பு நூலில் கோணல்மாணலாக மீண்டும் தைக்கப்பட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்ட கால் நுழைவதற்கு அப்படித்தான் பிரிப்பார்கள்; எனக்கும் அவ்வாறு பிரித்துக் கொடுத்த அனுபவமுண்டு. தைத்தது ரேடியோவாக இருக்க வேண்டும். நாற்காலி ரேடியோவின் தந்தைக்கு அன்று என்பதும் அப்போது விளங்கியது.

அத்தையலின்மேல் என் கையை வெகுநேரம் வைத்திருந்தேன். அளவு எடுக்க வந்த பெண் வாசலில் நின்று, "அக்கா, நாளைக்கு வரட்டா?" என்று போய்விட்டாள்.

எப்போது, எங்கிருந்து, எப்படி என்று கேட்க மாட்டேன். தங்களுக்கு எழுத வரும்போது எழுதுங்கள். நேரில் சொல்ல வரும்போது சொல்லுங்கள். மாமியிடம் நான் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்வது தங்கள் உரிமை. ஆனால் "இடைஞ்சல்" என்றொரு சொல்லை எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி பணிவுடன் ஆணையிடுகிறேன்.

மாடி அறையை விட்டுவிட்டேன். கீழ்த்தளத்து அறை நமக்கு. பாறையேற்றம் நீக்கப்பட்டது. விடுதியிலிருந்து தேயிலைத் தோட்டத்தோரம் ஒரு சாலை செல்கிறதாம். "குழந்தை வண்டி தள்ளலாம், அவ்வளவு சமம்" என்றார் விடுதிக்கார அம்மா. கூடத்து நாற்காலியை நம் அறைக்குக் கேட்டேன். "யாருக்கும்மா?" என்றார். "தேவைப்படுபவருக்கு" என்றேன். அதற்குமேல் அவர் சோதனை போடவில்லை.

எப்போதும் என்னை முந்தி நடந்தவர் தாங்கள். இனிப் பக்கத்தில் நடக்கலாம் என்று நினைக்கையில் எனக்குள் தன்னலமான ஒரு மகிழ்ச்சி எழுகிறது. இறைவன் பொறுத்தருள்வானாக.

புதுக் கால்சட்டை தயார். இடக்காலைச் சற்று விசாலமாக வைத்துள்ளேன். அந்தப் பக்கம் உள்தையலில் பொத்தான்கள். வெளியே தெரியாது.

எந்நாளும் தங்கள் துணைவி


மார்ச் 12

என் அருமைத் தையல்காரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அக்டோபரில். சாரத்துப் பலகை நனைந்திருந்தது, வழுக்கி விழுந்துவிட்டேன். ரொம்ப உயரமில்லை, இடுப்புக் கயிறும் பாதி பிடித்தது. கட்டு பிரித்தாகிவிட்டது. முழங்கால் மட்டும் மடங்க மாட்டேன் என்கிறது. கோலூன்றி நடக்கிறேன். போனில் முகம் மட்டும்தானே தெரிகிறது, மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். கால்சட்டையை நினைக்கவில்லை. ரேடியோ தைத்துக் கொடுத்துவிட்டு, "அண்ணி கண்டுபிடிக்கவே முடியாதுண்ணே" என்றான், முட்டாள்.

வலியைவிட, தொழுகையில் நெற்றி தரையில் பட சஜ்தா செய்ய முடியாததுதான் அழவைத்தது. அதற்கு அடுத்தது உன் கடிதம். பாறை, பாலம், கம்பிவடம் என்று நீ ஒவ்வொன்றாக எழுதி வைத்திருந்தாய். தூக்கிக்கொண்டு ஏறுவேன் என்று நான் எழுதியிருந்தேன். எந்த முகத்தோடு மறுபடி எழுதுவது?

வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. நீ கம்பிவடத்தை விட்டுவிடக் கூடாது. இத்தனை வருஷம் நான் மேலே தொங்கினேன், நீ கீழே இருந்து பயந்தாய். ஒரு நாள் மாற்றிக்கொள்வோம். நான் கீழே நின்று பயப்படுகிறேன்.

உன்,
முன்னாள் சாரக்காரன்


ஏப்ரல் 10, விடுதி
(விடுதிக்கார அம்மா கையில் கொடுத்து வைத்தது)

என் அன்புக்குரிய தங்களுக்கு,

நலமாக வந்து சேர்ந்தீர்களா? வந்திருப்பீர்கள், இல்லையேல் இதைப் படிக்க மாட்டீர்கள். பேருந்தில் காலை நீட்ட இடம் கிடைத்ததா?

நேற்றே வந்துவிட்டேன். பெட்டிகளை விடுதிக்கார அம்மா பார்த்துக்கொள்வார். அறைக்குள் ஒரு பார்வை பாருங்கள். நாற்காலியை அம்புக்குறிக்கு நேராக வைத்து, என் விரிப்பை அதன் பின்னால் விரித்திருக்கிறேன். நாற்காலியின் கால்களில் துணி சுற்றியதும் நானே. கல் தரையில் சத்தமிட்டது. காலையில் அந்நாற்காலியின் பின்னே தனியாகத் தொழுதேன். முன்னால் தாங்கள் இருப்பதாகவே எண்ணிக்கொண்டேன். தொழுகை முடித்துச் சலாம் கொடுத்த பின்னும் சற்று நேரம் எழவில்லை. புதுக் கால்சட்டை கட்டிலின்மேல் உள்ளது.

இப்போது நான் மேல்சரிவில் இருக்கிறேன். பெண்கள் பட்டை கட்டும் வேளை இவ்வாரம் இன்று காலையோடு முடிவதால் தங்களுக்காகக் காத்திருந்து சேர்ந்து புறப்பட இயலவில்லை. விடுதி வாசலிலிருந்து வலப்புறம் திரும்பினால் அச்சமதளச் சாலை. அதன் முடிவில், கம்பிவடத்தின் கீழ்முனையில், குடும்பத்தார் நிற்க ஓர் இடம் உண்டு. சாலை முழுவதையும் நேற்று நடந்து பார்த்துவிட்டேன். ஒரு படிகூட இல்லை. வழியில் கிடந்த சிறு கற்களை ஓரமாகத் தள்ளியிருக்கிறேன்.

மெதுவாகவே வாருங்கள். என் தலைக்கவசம் மஞ்சள், முக்காடு நீலம். தாங்கள் வந்ததும் கோலை உயர்த்திக் காட்டுங்கள்.

எனக்கு அச்சமாக இருக்கிறது என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். பட்டை கட்டும் பெண் "ரெடியாக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால் நிற்பவர்களை முன்னால் அனுப்பிக்கொண்டிருப்பேன். தாங்கள் அங்கு வந்து நிற்பதைக் கண்ட பிறகே தரையிலிருந்து காலை எடுப்பேன்.

திரும்பும்போது அந்தச் சாலையில் சேர்ந்து நடப்போம்.